மீதமிருக்கும் 25 மணி நேரம்

 

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நம் மஹல்லாக்களிலிருந்து சில பிள்ளைகள் பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்குப் புறப்படுகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு முதுகலைப் படிப்புக்காகச் செல்பவர்கள். மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் பயணத்துக்கு முன் சலாம் சொல்ல வருவார்கள். உடன் வரும் பெற்றோர் துஆச் செய்யும்படி கேட்பார்கள். அப்போது நிகழும் பேச்சில் கல்விக் கட்டணம், வங்கிக் கடன், விசா, தங்குமிடம், ஹலால் இறைச்சி, அருகிலுள்ள பள்ளிவாசல் ஆகிய அனைத்தும் இடம்பெறும். ஒரு கேள்வி மட்டும் எவரிடமிருந்தும் வருவதில்லை. வகுப்பும் வேலையும் முடிந்தபின் எஞ்சும் நேரத்தைப் பிள்ளை எப்படிக் கழிக்கப்போகிறது என்பதே அக்கேள்வி.

படிக்கச் செல்லும் பிள்ளைக்கு ஓய்வைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். "வகுப்புக்குப் போ, வந்ததும் அறையில் இரு, வேறெதிலும் தலையிடாதே" என்று அறிவுறுத்தி அனுப்பினால் பிள்ளை பாதுகாப்பாக இருக்கும் என்பது பலரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறானது என்பதே என் கருத்து. அயல்நாட்டில் ஒரு மாணவரின் ஈமானும் உடல்நலமும் படிப்பும் பெரும்பாலும் அந்த எஞ்சிய நேரத்தில்தான் உறுதிபெறுகின்றன, அல்லது சரிகின்றன. ஆகவே ஓய்வு நேரம் குறித்தும் பயணத்துக்கு முன்பே குடும்பத்தார் அமர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு வாரத்தின் கணக்கு

முதலில் எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்பு பொதுவாக 180 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 10 மணி நேர உழைப்பு. எனவே முழுப் படிப்பும் 1,800 மணி நேர உழைப்பைக் கோருகிறது. விடுமுறைகள் நீங்கலாக 45 வாரங்கள் என்று கொண்டால் வாரத்துக்கு 40 மணி நேரம் ஆகிறது. இதில் விரிவுரை அரங்கில் அமரும் நேரம் பல படிப்புகளில் சிறு பகுதியே. மீதி முழுவதும் நூலகத்திலும் மேசையிலும் தானாகப் படித்து எழுத வேண்டிய நேரம். "வாரத்துக்கு மூன்று நாள்தான் வகுப்பாம், மற்ற நாளெல்லாம் சும்மா இருக்கிறான்" என்று ஊரில் பேசிக்கொள்வதுண்டு. அப்படிப் பேசுவோர் இந்தக் கணக்கை அறியாதவர்கள்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். உறக்கத்துக்கு 56 மணியும் படிப்புக்கு 40 மணியும் கழியட்டும். சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பகுதிநேர வேலை செய்தால் 20 மணி போகும். சமையல், கடைக்குச் செல்லுதல், துணி துவைத்தல், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 20 மணி என்று வைத்துக்கொள்வோம். அங்கே உம்மா இல்லை, எல்லாவற்றையும் பிள்ளையே செய்தாக வேண்டும். ஐவேளைத் தொழுகைக்கும் உளூவுக்கும் நாளொன்றுக்கு 1 மணி வீதம் 7 மணி. ஆக மொத்தம் 143. எஞ்சுவது வாரத்துக்கு 25 மணி நேரம். ஓராண்டுக்கு இது 1,300 மணி நேரம்! படிப்புக்கென்று ஒதுக்கிய நேரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. இவ்வளவு பெரிய அமானிதத்தைப் பற்றி நாம் ஒரு சொல்லும் பேசாமல் பிள்ளையை விமானம் ஏற்றுகிறோம்.

ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் பலர் ஏமாந்து நிற்கிறார்கள் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே மனனம் செய்தது. ஓய்வும் ஓர் அருட்கொடை என்பது அதன் முதல் பாடம். வீணாக்குவோருக்குத்தான் அது நட்டமாகிறது.

விற்கப்படும் ஓய்வு

இந்த 25 மணி நேரம் மூன்று வழிகளில் பறிபோகிறது. முதலாவது வழி, அதைக் காசுக்கு விற்றுவிடுவது.

மாணவர் விசாவில் பட்டப்படிப்போ முதுகலையோ பயில்பவர் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 10 மணி, மறு வாரம் 30 மணி என்று சராசரி பார்ப்பதற்கு இடமில்லை. கோடையில் முழுநேரம் உழைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற நினைப்போடு செல்பவர்களும் உண்டு. பெரும்பாலான முதுகலை மாணவர்களுக்குக் கோடைக்காலம் ஆய்வேடு எழுதும் பருவம். எனவே அப்போதும் அதே 20 மணி நேர வரம்பு நீடிக்கும். சுயதொழில் செய்வதும் விசா நிபந்தனைகளில் தடுக்கப்பட்டுள்ளது. உணவை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் செயலிகளில் ஓட்டுநராகச் சேர்வது சுயதொழிலாகவே கருதப்படுகிறது. பிறர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிடக் கடுமையான குற்றம்.

வரம்பை மீறினால் விசா ரத்தாகலாம்; பின்னர் செய்யும் விண்ணப்பங்களும் மறுக்கப்படலாம். கடைக்குப் பின்புறம் ரொக்கமாகக் கூலி கொடுக்கும் முதலாளி சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுக்காவிட்டாலும் மாணவரால் எவரிடமும் முறையிட முடியாது. வகுப்புக்குச் செல்லாமல் இருந்தால் பல்கலைக்கழகம் அதை உள்துறைக்குத் தெரிவிக்கும் கடமை உடையது. இவையெல்லாம் உலகியல் நட்டங்கள். மார்க்கத்தின் கண்ணோட்டமும் தெளிவானது. விசா என்பது ஓர் ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட்டபின் மீறுவது வாக்குறுதியை மீறுவதாகும். வாக்குறுதியைக் காப்பது முஃமினின் அடையாளம் என்று பிள்ளைக்குக் கற்பித்த நாமே அதை முறிக்கத் தூண்டலாமா?

தூண்டுகிறோம் என்பதுதான் கசப்பான உண்மை. அழைப்பு தோறும் "அங்கே இன்னாருடைய மகன் மாதம் இவ்வளவு அனுப்புகிறானாம்" என்று வாப்பா சொல்லும் ஒரு வாக்கியம் போதும். பிள்ளை தன் உறக்கத்தையும் ஓய்வையும் விற்கத் தொடங்கிவிடும். இரவு முழுவதும் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் விரிவுரை அரங்கில் உறங்கும் மாணவருக்கு எந்தப் பட்டம் கிடைத்து என்ன பயன்? கடனின் தவணையைப் பிள்ளையின் தோளில் ஏற்றாமல் குடும்பம் சமாளிக்க முடியுமா என்று பயணத்துக்கு முன்பே கணக்கிட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்தப் பயணத்தை ஓராண்டு தள்ளிவைப்பது மேல்.

அறைக்குள் கரையும் ஓய்வு

இரண்டாவது வழி வெளியே தெரியாதது. கூட்டாளிகள் இல்லை, கெட்ட பழக்கம் இல்லை, பிள்ளை எந்நேரமும் அறையில்தான் இருக்கிறது என்று நாம் நிம்மதி கொள்கிறோம். அந்த அறையில் என்ன நடக்கிறது?

டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை 8 மணியளவில்தான் உதிக்கும். நம் ஊரின் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இருட்டும் குளிரும் புதியவை. ஒரு கட்டிலும் ஒரு மேசையும் கொண்ட அறை, கையில் கைபேசி. இந்தியாவும் இலங்கையும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் முன்னே செல்கின்றன. எனவே ஊரில் எல்லோரும் உறங்கிய பிறகுதான் பிள்ளையின் மாலைப் பொழுதே தொடங்குகிறது. பேச ஆளில்லாத அந்நேரத்தைத் திரைப்படத் துண்டுகளும் விளையாட்டுகளும் நிரப்புகின்றன. இரவு 3 மணிக்கு உறக்கம், பிறகு ஃபஜ்ர் தவறுகிறது, காலை வகுப்பு தவறுகிறது, குற்றவுணர்வால் அழைப்பை எடுக்கவும் மனம் வருவதில்லை. அறையைவிட்டு வெளியே செல்லாத பிள்ளையும் இவ்வாறு வழி தவற முடியும்.

2024 ஜனவரி முதல் வகுப்புவழி முதுகலை பயில்வோர் துணையையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்ல இயலாது. ஆகவே மணமான மாணவர்களும் தனியே வாழ்கின்றனர். அவர்களின் தனிமை இரட்டிப்பானது.

தனிமையின் கொடுமைக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பால் உலகெங்கும் அறியப்பட்ட அப்துல்லாஹ் யூசுஃப் அலீ அவர்கள் 1891-ல் இந்தியாவிலிருந்து கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு மாணவராகச் சென்றவர். பெரும் கல்வியும் உயர்பதவியும் பெற்ற அவர், இறுதிக் காலத்தில் குடும்பத்தின் அரவணைப்பின்றி லண்டனில் வாழ்ந்தார். 1953 டிசம்பரில், வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் ஒரு வீட்டு வாசற்படியில் ஆதரவற்ற நிலையில் காவலர்களால் கண்டெடுக்கப்பட்டு, அடுத்த நாளே வஃபாத்தானார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக. இவ்வளவு பெரிய அறிஞரையே தனிமை வீழ்த்தியது என்றால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை "அறையிலேயே இரு" என்று சொல்லி அனுப்புவது எந்த வகையில் பாதுகாப்பு?

உள்ளம் சோர்ந்தால் உதவி நாடுவது ஈமானின் குறையாகாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். விசா விண்ணப்பத்தோடு ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவச் சேவைக் கட்டணத்தைச் செலுத்திவிட்டுத்தான் மாணவர் அங்கு செல்கிறார். இருந்தும் குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யாமலே ஆண்டைக் கழித்துவிடுபவர்கள் உள்ளனர். பல்கலைக்கழகங்களில் இலவச மனநல ஆலோசகர்கள் இருக்கின்றனர். பலவற்றில் முஸ்லிம் மாணவர்களுக்கென ஆன்மிக ஆலோசகரும் இருக்கிறார். இரவு நேரத்தில் மாணவர்களே சக மாணவர்களின் மனக்குறையைச் செவிமடுக்கும் 'நைட்லைன்' என்ற சேவை 1970-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கி வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

மதுமேசைக்கு இழுக்கும் ஓய்வு

மூன்றாவது வழியை நாம் அனைவரும் அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானது. கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய மாணவர்களுக்கென நடைபெறும் வரவேற்பு வாரத்தில் இரவு விருந்துகளும் மதுவும் இயல்பாகக் கலந்திருக்கும். பல மாணவர் குழுக்கள் கூட்டம் முடிந்ததும் 'பப்' எனப்படும் மதுக்கடைக்குச் செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளன. அருந்தாவிட்டாலும் பழச்சாற்றோடு உடன் அமர்ந்திருக்கலாமே என்று பிள்ளைக்குத் தோன்றும். மது பரிமாறப்படும் மேசையில் அமர்வதையே நம் மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் தடையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாதி வேலையே முடிந்திருக்கும். எங்கே போகக்கூடாது என்று அறிந்த பிள்ளைக்கு எங்கே போகலாம் என்பதும் தெரிய வேண்டும். அது தெரியாத பிள்ளை முதல் மாதம் அறையில் அடங்கியிருக்கும். இரண்டாம் மாதம் யார் முதலில் கதவைத் தட்டுகிறார்களோ அவர்களோடு போய்விடும். மாறாக, "நான் மது அருந்துவதில்லை, மதுக்கடைக்கும் வருவதில்லை, நாளை தேநீருக்குச் சந்திப்போம்" என்று முதல் வாரத்திலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடும் மாணவரை அங்குள்ளோர் பெரும்பாலும் மதிக்கவே செய்கின்றனர். மது அருந்தாத பிரிட்டானிய மாணவர்களும் இன்று குறைவில்லை. மாணவர் ஒன்றியங்களே மதுவில்லா நிகழ்ச்சிகளைத் தனியே ஏற்பாடு செய்கின்றன.

மார்க்கம் மறுக்காத மகிழ்ச்சி

ஓய்வும் விளையாட்டும் இறையச்சத்துக்கு எதிரானவை என்ற எண்ணம் சில குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. ஸீராவைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிப்புறும் வரை காண நபி (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள். அன்னையாருடன் ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள். வீட்டில் மனைவி மக்களோடு இருக்கும்போது உள்ளத்தின் நிலை மாறிவிடுகிறதே, இது நயவஞ்சகமோ என்று அஞ்சி வந்த ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு, அதற்கொரு நேரம் இதற்கொரு நேரம் என்று நபியவர்கள் ஆறுதல் அளித்த நிகழ்வும் நாம் அறிந்ததே. இடைவிடாத நோன்பிலும் இரவுத் தொழுகையிலும் மூழ்கியிருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமையை ஸல்மான் (ரலி) அவர்கள் நினைவூட்டியதை நபியவர்கள் சரிகண்டார்கள். வணக்கத்திலேயே இந்த நடுநிலை வேண்டும் என்றால் படிப்பிலும் பிழைப்பிலும் வேண்டாமா?

அங்கே காத்திருக்கும் நன்மைகள்

ஹலாலான ஓய்வுக்கு பிரிட்டனில் வழி அதிகம். பெரும்பாலும் பணமும் அதிகம் தேவைப்படாது. பல பல்கலைக்கழகங்கள் புதன்கிழமை பிற்பகலில் வகுப்பு வைக்காமல் விளையாட்டுக்கென விட்டுவைக்கும் மரபைக் கொண்டுள்ளன. பூப்பந்து, கிரிக்கெட், மலையேற்றம் எனப் பலவற்றுக்கும் மாணவர் குழுக்கள் உண்டு. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் எவரும் நடந்து செல்லச் சட்டம் உரிமை தந்துள்ள ஒற்றையடிப் பாதைகள் ஏராளம். அல்லாஹ்வின் படைப்பைச் சிந்திக்க ஒரு நல்ல காலணியும் மழைச்சட்டையும் போதும். மாணவர்களுக்கான ரயில் அட்டை வைத்திருந்தால் பயணச்சீட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 முதல் அனுமதி இலவசம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் தோலில் எழுதப்பட்ட இரண்டு குர்ஆன் ஏடுகள் உள்ளன. வேறொரு கைப்பிரதியோடு தவறாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்த அவற்றின் தனித்தன்மையை ஆல்பா ஃபெடெலி என்ற இத்தாலிய ஆய்வு மாணவி கண்டறிந்தார். கரிமக் காலக் கணிப்பில் அந்தத் தோல் கி.பி. 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டது என்று தெரியவந்தது. 2015 ஜூலையில் இச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நபித்தோழர்களின் காலத்தை ஒட்டிய ஏடு! அதே வளாகத்தில் ஓராண்டு படித்தும் அப்படி ஒன்று அங்கிருப்பதை அறியாமலே ஒரு முஸ்லிம் மாணவர் ஊர் திரும்பினால் அது வருந்தத்தக்கது.

லண்டனுக்கு அருகே வோக்கிங் நகரிலுள்ள ஷாஜஹான் மஸ்ஜிதுக்கும் சென்று வரலாம். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதல் கட்டடம் அது. 1889-ல் போபால் பேகம் ஷாஜஹான் அவர்களின் பொருளுதவியோடு லைட்னர் என்ற அறிஞர் அதைக் கட்டினார். எதற்காகத் தெரியுமா? தம் கீழைத்தேயக் கல்வி நிலையத்துக்குக் கடல் கடந்து வரும் மாணவர்கள் தொழுவதற்காக! நம் பிள்ளைகளைப் போன்றோருக்காகத்தான் அந்நாட்டில் முதன்முதலாக ஒரு பள்ளிவாசல் எழும்பியது. யூசுஃப் அலீ அவர்கள் அடக்கமாகியிருக்கும் புரூக்வுட் மண்ணறையும் அதன் அருகிலேயே உள்ளது. ஸியாரத் செய்து துஆ ஓதி வரலாம்.

எல்லாவற்றினும் முதன்மையானது நல்ல கூட்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர் இஸ்லாமியச் சங்கம் உண்டு. அவற்றின் கூட்டமைப்பு 1963-லேயே உருவானது. ஜுமுஆ ஏற்பாடு, தொழுகை அறை, குர்ஆன் வட்டம், இஃப்தார், விளையாட்டு என அவை மாணவரின் வாரத்துக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. ஓய்வில் செய்யும் ஒரு சிறு செயல் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2013-ல் லண்டனின் சோவாஸ் கல்லூரியைச் சேர்ந்த மாணவர்கள் சிலர், தனியே நோன்பு திறப்போரையும் வீடற்றோரையும் வழிப்போக்கரையும் ஒரு கூடாரத்தில் அழைத்து அமரவைத்து இஃப்தார் தந்தனர். 'திறந்த இஃப்தார்' என்ற பெயரில் அது வளர்ந்து, டிரஃபால்கர் சதுக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோர் எல்லா மதத்தாரோடும் அமர்ந்து நோன்பு திறக்கும் நிகழ்வாயிற்று. தனிமையை உணர்ந்தவர்கள் பிறரின் தனிமையைப் போக்க எழுந்ததன் பலன் அது.

தொழுகை நேரங்களைப் பற்றியும் பிள்ளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். டிசம்பரில் லண்டனில் ளுஹர் நண்பகல் 12 மணியை ஒட்டி வரும்; ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் 2 மணிக்கு முன்பே வந்துவிடும்; 4 மணிக்குள் மஃரிப். ஒரே பிற்பகலில் மூன்று வக்துகள்! ஜூனிலோ மஃரிபே இரவு 9:20-ஐ ஒட்டித்தான். இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இடையே சில மணி நேரமே இருக்கும். அருகிலுள்ள பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் பின்பற்றி, தொழுகை வேளைகளைச் சுற்றி நாளை அமைத்துக்கொள்பவருக்குப் படிப்பும் ஓய்வும் தாமாகவே ஒழுங்குக்கு வரும்.

பெண் பிள்ளைகளும் பிற சமயத்தாரும்

மகளை அனுப்பும் பெற்றோர் மகனுக்குத் தரும் சுதந்திரத்தின் பாதியையும் அவளுக்குத் தருவதில்லை. மாலையானால் அறைக்குள் இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றனர். குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும் நாட்டில் இக்கட்டளை அவளை நூலகத்திலிருந்தும் தோழியரிடமிருந்தும் துண்டித்துவிடும். மகளிருக்கான தனி உடற்பயிற்சி நேரம், மகளிர் நீச்சல் நேரம், இஸ்லாமியச் சங்கத்தின் சகோதரிகள் பிரிவு, பள்ளிவாசலின் பெண்கள் பகுதி ஆகியவை எங்கெங்கு உள்ளன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, "இங்கெல்லாம் போய் வா" என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். அனுமதி வீட்டிலிருந்தே கிடைத்துவிட்டால் அவள் எதையும் மறைக்க வேண்டிய தேவை எழாது.

நம் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும் பழகினால் போதாதா என்றும் கேட்கப்படுகிறது. ஊர்ப் பிள்ளைகளின் துணை நன்மையே. நோய் வந்தால் கஞ்சி காய்ச்சித் தருபவர்கள் அவர்கள்தாம். ஆனால் நான்கு பேர் ஒரே வீட்டில் தங்கித் தமிழிலேயே பேசி, தமிழ்ப் படமே பார்த்து ஓராண்டைக் கழித்தால் அவ்வளவு பணம் செலவிட்டுக் கடல் கடந்ததன் பயன் என்ன? நைஜீரியா, மலேசியா, துருக்கி, போஸ்னியா நாட்டு முஸ்லிம்களோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழும் வாய்ப்பு ஊரில் எளிதில் கிடைக்காது. அண்டை அறையில் வாழும் பிற சமயத்தாருக்கும் அண்டைவீட்டாரின் உரிமை உண்டு. பெருநாளன்று அவர் கதவைத் தட்டி ஒரு தட்டு பிரியாணி கொடுக்கும் பிள்ளை, மேடையேறிச் செய்யும் பிரச்சாரத்தைவிட அழகாக இஸ்லாத்தை அறிமுகம் செய்துவிடும்.

நாம் செய்ய வேண்டியவை

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு பிள்ளையோடு அமர்ந்து, மேலே கண்ட வாரக் கணக்கை ஒரு தாளில் அதன் கையாலேயே எழுதச் செய்யுங்கள். எஞ்சும் மணி நேரத்தில் எதை விளையாட்டுக்கு, எதைப் பள்ளிவாசலுக்கு, எதை நண்பர்களுக்கு ஒதுக்கலாம் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். அடுத்து, மாதச் செலவுக்கான தொகையில் ஒரு சிறு பங்கை "இது ஓய்வுக்கு" என்று சொல்லியே கொடுங்கள். அதைச் செலவிடும்போது பிள்ளையின் மனம் உறுத்தக்கூடாது. மூன்றாவதாக, கடன் தவணைப் பேச்சைப் பிள்ளையோடான அழைப்பில் எடுக்காதீர்கள்.

நான்காவதாக, நம் அழைப்பின் கேள்விகளை மாற்ற வேண்டும். "சாப்பிட்டாயா, தொழுதாயா, படிக்கிறாயா" என்ற மூன்று கேள்விகளுக்கும் "ஆம்" என்ற ஒரு சொல்லே விடையாகிவிடுகிறது. பிள்ளையின் நிலை நமக்குத் தெரிவதில்லை. "இந்த வாரம் யாரோடு நடந்தாய்? எங்கே போனாய்? யாருக்குச் சோறு கொடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வாரங்களுக்கு "யாரோடும் இல்லை, எங்கும் போகவில்லை" என்ற பதில் வந்தால் அதை நல்லொழுக்கம் என்று எண்ணி மகிழாமல் கவலைப்படுங்கள். அப்போதே ஊர்க்காரர் எவரையேனும் அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். படிப்பை முடித்து ஊர் திரும்பியவர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில் ஒரு நாள், அவர்களையும் புறப்பட இருப்பவர்களையும் பள்ளிவாசலில் ஒன்றாக அமரவைத்துப் பேசச் செய்தால் எத்தனையோ பிள்ளைகள் முதல் குளிர்காலத்தைத் திடமாகக் கடப்பார்கள். பெண்களுக்குத் தனி அமர்வும் வேண்டும். இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை.

பட்டத்தைத் தேடிச் செல்லும் நம் பிள்ளைகள் ஈமானோடும் உடல்நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் வீடு திரும்பவும், அவர்களுக்கு வாய்த்த ஓய்வு மறுமையில் அவர்களுக்குச் சாதகமான சாட்சியாக அமையவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.